தனியாக வந்து சேர்ந்த 14 வயதுப் பெடியன் எங்கள் வீட்டில்: கவுன்சிலுக்குச் சொல்வதா, வேண்டாமா?

வடலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். மூன்று கிழமைக்கு முன், ஒரு வெள்ளி இரவு 11 மணிக்கு மேல், என் கணவரின் போனுக்குத் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. "உங்கட மருமகன் ஸ்டேஷன் வாசலில நிக்கிறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒருவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் மெல்லிய ஜாக்கெட்டோடு ஒரு பெடியன் நிற்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு துவாயும் எங்கள் நம்பர் எழுதிய கடதாசியும், வேறொன்றும் இல்லை.

இவன் என் கணவரின் ஒன்றுவிட்ட அக்காவின் மகன். கிளிநொச்சிப் பக்கம். 2016இல் ஊருக்குப் போனபோது பார்த்தோம், அப்போது சின்னப் பிள்ளை. தகப்பன் இப்போது வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. தாயும் ஒரு தங்கையும் ஊரில் இருக்கிறார்கள்.

இவன் வருவது எங்களுக்குத் தெரியாது என்றால் பாதிப்பேர் நம்பமாட்டீர்கள். சில மாதங்களுக்கு முன் அக்கா போனில் "அவனை அங்கால அனுப்பினா பார்ப்பீங்களோ" என்று கேட்டா. என் கணவர் "பார்ப்பம்" என்றார். பார்ப்பம் என்றால் நம் ஆட்களிடம் யோசிக்கிறோம் என்றும் அர்த்தம், பார்த்துக்கொள்கிறோம் என்றும் அர்த்தம். அக்கா இரண்டாவதை எடுத்துக்கொண்டா.

சரி, வந்துவிட்டான். எங்களுக்கு பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள், மகள் யூனிவர்சிட்டியில், மகனுக்கு 11 வயது. பெடியன் ஹோலில் சோபாவில் படுக்கிறான், லைட்டை அணைக்க விடமாட்டான். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறான். வந்த வழியைப் பற்றி ஒரு சொல் கதைப்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவனைக் காசுக்கு இங்கே அனுப்பிய ஏஜென்சி ஆள் மட்டும் இடைக்கிடை அவனுடைய போனுக்கு எடுக்கிறான். எடுத்த பிறகு இவன் டொய்லெட்டுக்குள் போனால் அரை மணித்தியாலம் வரமாட்டான்.

பள்ளிக்கூடம் இல்லை, டொக்டர் இல்லை, அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்கவும் இல்லை. கவுன்சிலுக்கு, அதாவது பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான உள்ளூராட்சிக்கு, சொல்லு என்கிறா என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா. கணவருடைய ஆட்களோ, சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்க் கண்காணாத ஊரில் வெள்ளைக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள், எங்கள் மகனையும் விசாரிப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். பெடியனின் தாயான அக்காவிடம் கேட்டால் "நீங்கள் மாமா மாமி தானே, பிறகேன் கவுன்சில்" என்று அழுகிறா. எனக்கு இரவில் நித்திரை இல்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன் எழுதியது:

தங்கச்சி, சொல்லாதீங்கோ. நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. 2021இல் இருந்து தனியாகப் படகில் வந்த பிள்ளைகளை ஹோம் ஒபீஸ் (உள்துறை அமைச்சு) ஹொட்டலில் வைத்திருந்தது, அதில் 200 பிள்ளைகள் காணாமல் போய் அப்படியே கண்டுபிடிக்காமல் இருக்கிறார்கள் என்று 2023 ஜனவரியில் அமைச்சரே பார்லிமென்டில் சொன்னார். இந்த அரசாங்கத்தை நம்பியா எங்கள் பிள்ளையைக் கொடுப்பது? சொந்த மாமன் வீட்டில் சோறும் புட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறவனை ஏன் கிளப்ப வேண்டும்? பேசாமல் பள்ளிக்கூடத்தில் சேருங்கள், அதற்கு விசா கேட்கமாட்டார்கள். 18 வந்த பிறகு அசைலம் விஷயத்தைப் பார்க்கலாம்.

தாழம்பூ எழுதியது:

வடலி, முதலில் ஒன்று: நீங்கள் அந்த இரவு போய்க் கூட்டிக்கொண்டு வந்தது சரியான வேலை. இனிச் செய்ய வேண்டியது வேறு.

நான் 9 வருடமாக ஃபொஸ்டர் வீடு நடத்துகிறேன், அதாவது பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் கவுன்சிலுக்காக என் வீட்டில் வளர்க்கிறேன். எரித்திரியப் பெடியன் ஒருவன், வியட்நாம் பிள்ளை ஒன்று, இப்போது சூடானில் இருந்து வந்த இரண்டு பேர். தமிழ்ப் பிள்ளை எனக்கு வரவே இல்லை, அது வேறு கதை. அதனால் சட்டம் படித்தவளாக இல்லாமல், படிவம் நிரப்பி நிரப்பிக் கைநொந்தவளாகச் சொல்கிறேன்.

உங்கள் வழக்கில் எல்லாமே தொங்கி நிற்பது "ஒன்றுவிட்ட" என்ற ஒரு சொல்லில். நமக்கு அம்மாவின் தம்பியும் மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியும் மாமா. இங்கிலாந்துச் சட்டத்துக்கு அப்படி இல்லை. தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி அக்கா தங்கை, தாய் தகப்பனின் கூடப்பிறந்தவர்கள், அவர்களைக் கட்டியவர்கள், மாற்றாந்தாய் மாற்றாந்தந்தை: நெருங்கிய உறவு என்றால் இவ்வளவுதான். அதற்கு வெளியே யாராவது 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அது "பிரைவேட் ஃபொஸ்டரிங்", கவுன்சிலுக்கு அறிவித்தே ஆகவேண்டும். உங்களைப் போல் திடீரென்று வந்து சேர்ந்தால் 48 மணித்தியாலத்துக்குள். அறிவிக்காமல் இருப்பது குற்றம். மூன்று கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது 21 நாள். எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுப் பிள்ளையை ஐவரி கோஸ்டில் இருக்கும் பெற்றோர், நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி ஒரு உறவுக்காரியோடு அனுப்பினார்கள். அவள் தகப்பனுடைய சித்தி முறை. 2000 பெப்ரவரியில் லண்டனில் அந்தப் பிள்ளை அவளாலும் அவளுடைய ஆளாலும் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தது. கவுன்சில், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், தான்தான் தாய் என்று அவள் சொன்னதை நம்பி விட்டார்கள். உங்களை அவளோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். சோசல் வேர்க்கர் உங்கள் வீட்டில் அடுப்படி வரைக்கும் எட்டிப்பார்க்கும்போது கோபம் வரும், அந்த நேரம் இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் உங்களுடையது வெறும் பிரைவேட் ஃபொஸ்டரிங்காக நிற்க வேண்டிய வழக்கும் இல்லை. பெற்றோர் நாட்டில் இல்லை, பொறுப்பான ஆள் சட்டப்படி இங்கே யாரும் இல்லை, அசைலம் கேட்க வேண்டிய பிள்ளை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 20ஆம் பிரிவு என்று சொல்வார்கள், அதன்படி கவுன்சில் அவனைத் தன் பராமரிப்பில் எடுக்கலாம். "பறித்துக்கொண்டு போவது" என்று உங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். பறிப்பது இல்லை. 20ஆம் பிரிவில் தாயின் உரிமை தாயிடமே இருக்கும், கவுன்சிலுக்குப் போகாது. அதைப் பறிக்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போய்க் கட்டளை வாங்க வேண்டும். பிள்ளையிடம் அவனுடைய விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பராமரிப்பில் எடுத்த பிள்ளையை எங்கே விடுவது என்று பார்க்கும்போது, உறவினர் அல்லது தெரிந்தவர் வீடு பொருந்துமென்றால் அதற்குத்தான் முன்னுரிமை. அதற்கு உங்களை அவசர ஃபொஸ்டராகத் தற்காலிகமாக அங்கீகரிக்கலாம், 16 கிழமைக்கு. அந்த 16 கிழமைக்குள் முழு விசாரணையும் நடக்கும்: வீட்டில் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் குற்றப்பதிவுச் சோதனை, டொக்டர் அறிக்கை, உங்களைத் தெரிந்தவர்களிடம் கேள்வி, கட்டில் அறை எல்லாம்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கணவரின் ஆட்கள் கேட்பார்கள். லாபம் பெடியனுக்கு. 14 வயதுக்குப் பிறகு குறைந்தது 13 கிழமை கவுன்சில் பராமரிப்பில் இருந்து, 16 வயது தாண்டியும் அதில் இருந்தவனுக்கு, 18க்குப் பிறகும் ஒரு ஆலோசகர், வீட்டு உதவி, படிப்பு உதவி என்று 25 வயதுவரைக்கும் போகும். சோபாவில் ஒளித்து வளர்த்த பிள்ளைக்கு 18ஆவது பிறந்தநாளன்று கேக் மட்டும்தான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்ன 200 பிள்ளைகள் உண்மை. ஆனால் அண்ணா, கதையை மற்றப்பக்கம் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் காணாமல் போனது கவுன்சில் எடுத்ததால் இல்லை, எந்தக் கவுன்சிலும் எடுக்காததால். ஹோம் ஒபீஸ் ஹொட்டல் அறையில் வைத்திருந்தது, யாருடைய கொப்பியிலும் "இது என் பொறுப்பு" என்று அவர்கள் பெயர் இல்லை. 2023 ஜூலையில் ஹைகோர்ட் அதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னதும் அதனால்தான். உங்கள் ஆலோசனையைக் கேட்டால் வடலி வீட்டுப் பெடியனும் அப்படித்தான், யாருடைய கொப்பியிலும் இல்லாத பிள்ளை.

வடலி எழுதியது:

தாழம்பூ அக்கா, நன்றி. வாசித்துவிட்டு அழுதேன், ஆனால் ஆறுதலாகவும் இருந்தது. மூன்று விஷயம் கேட்கட்டுமா? இந்த விசாரணை முடியும்வரை அவனை வேறு வீட்டுக்குக் கொண்டுபோவார்களா? தூர ஊருக்கு மாற்றுவார்கள் என்று கேள்விப்படுகிறேனே, அது? அப்புறம் அந்த ஏஜென்சி ஆள். நேற்றும் எடுத்தான். பயணக் கடனில் மிச்சக் காசுக்காக, தனக்குத் தெரிந்த கடையொன்றில் "சனி ஞாயிறு நிக்கட்டும்" என்று பெடியனிடம் சொல்லியிருக்கிறான். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய பெடியன் எழுதியது:

கடைசி வரியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பொதுவாக நான் இங்கே கிரிக்கெட் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை.

நான் 90களில் 13 வயதில் தனியாக வந்தவன். ஹீத்ரோவில் இருந்து என்னைக் கூட்டிப்போனவர் எனக்கு "சித்தப்பா". அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், அவ்வளவுதான் சொந்தம். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. கடை வைத்திருந்தார். காலை 5 மணிக்குப் பேப்பர் அடுக்குவது, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் கல்லாவுக்குப் பின்னால். "உதவிதானே" என்பார். நானும் உதவி என்றுதான் நினைத்தேன். ஊருக்கு மாதாமாதம் காசு போனது, எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கு வந்தது எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல என்று பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஒருமுறை கேட்டா, ஏன் எப்போதும் வகுப்பில் தூங்குகிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. நான் "அங்கிள்" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட்டா. இன்றைக்கு நினைத்தால், அந்த டீச்சர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

18 ஆன வருடம் அவர் கடையை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனார். நான் ஒரு நண்பன் வீட்டுத் தரையில். அசைலம் கேட்டேன், "இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்" என்று கேட்டார்கள். சின்ன வயதில் வந்ததற்கு என்னிடம் இருந்தது பள்ளிக்கூட ரிப்போர்ட் மட்டும். விசா கிடைக்க இன்னும் பல வருடம் போனது. அந்த நேரம் என் வயதுப் பெடியன்கள் வேலைக்குப் போய்க் கார் வாங்கினார்கள்.

ஆகவே வடலி அக்கா, கடையில் ஒரு நாள்கூட நிற்க வைக்காதீர்கள். ஒரு மணித்தியாலம்கூட வேண்டாம். கணவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். ஏஜென்சி ஆளோடு நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம், பேரமும் வேண்டாம், நம்பரையும் வந்த மெசேஜ்களையும் அழிக்காமல் வையுங்கள். சோசல் வேர்க்கரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கடனைக் காட்டிப் பிள்ளையை வேலைக்கு இழுப்பதற்கு இங்கே பெயர் ஆட்கடத்தல். வெள்ளைக்காரன் செய்தாலும் அந்தப் பெயர்தான், எங்கட ஆள் செய்தாலும் அந்தப் பெயர்தான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன், உங்களில் கோபம் இல்லை. என் சித்தப்பாவும் உங்களைப் போலத்தான் கதைப்பார்.

கும்பகோணத்துக்காரன் எழுதியது:

நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன், இந்த விஷயத்தில் அனுபவம் கிடையாது. ஆனால் வரலாறு கொஞ்சம் படிப்பேன், தாழம்பூ அக்கா சொன்ன "யாருடைய கொப்பியில்" என்பதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது.

1938 டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் தொடங்கும்வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் பக்கமிருந்து கிட்டத்தட்ட 10,000 பிள்ளைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, பெற்றோர் இல்லாமல் ரயிலிலும் கப்பலிலும் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஹார்விச் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டோவர்கோர்ட் என்ற இடத்தில் கோடைகால முகாம் ஒன்றில் பனிக்காலத்தில் வைத்திருந்தார்கள். வளர்க்க வருகிறவர்கள் பிள்ளைகள் சாப்பிடும்போது சுற்றி வந்து பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். சின்னப் பெண் குழந்தைகளுக்கு உடனே வீடு கிடைத்தது, 14, 15 வயதுப் பையன்கள் மிச்சம் நின்றார்கள். நல்ல வீடுகள் நிறைய, வேலைக்காரப் பெண்ணாக வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. இத்தனை பிள்ளைகளுக்கும் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டு, கோரெல் பிரபுவை அந்தப் பொறுப்பில் வைத்தது 1944இல்தான். வந்து ஐந்து வருடம் கழித்து!

அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர்தான் ஆல்ஃப் டப்ஸ், ஆறு வயதில் பிராகிலிருந்து வந்தவர். 2016இல் ஐரோப்பாவில் தனியாகத் தவித்த அகதிப் பிள்ளைகளை எடுக்கச் சொல்லிப் பிரபுக்கள் சபையில் திருத்தம் கொண்டுவந்து போராடியவர் அவர். அரசாங்கம் கடைசியில் 480 பேர் என்று கதவை மூடியது.

கேள்விக்குப் பதில் இல்லை, சும்மா ஒரு பக்கக் கதை. மன்னிக்கவும்.

தாழம்பூ எழுதியது:

கும்பகோணத்துத் தம்பி, பக்கக் கதை இல்லை. ஸ்காட்லாந்தில் தனியாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாதுகாவலர் கொடுக்கும் திட்டம் 2010இல் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைக்கும் அது இல்லை, கடத்தப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதனால் இங்கே பாதுகாவலர் செய்ய வேண்டிய வேலையைச் சோசல் வேர்க்கர், லோயர், ஃபொஸ்டர், பள்ளிக்கூடம் என்று நாலு பேர் பங்கு போட்டுச் செய்கிறோம். பங்குகளுக்கு நடுவில் பிள்ளை விழுந்துவிடாமல் பார்க்க வேண்டியது பெரும்பாலும் வீட்டில் இருக்கிற ஆள்தான், அதாவது நீங்கள் வடலி.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். விசாரணை முடியும்வரை வேறு வீட்டுக்கு மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். வந்து பார்க்கிற சோசல் வேர்க்கர் அன்றைக்கு என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது, பொய் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் 16 வயதுக்குக் குறைந்த பராமரிப்புப் பிள்ளையைக் கண்காணிப்பில்லாத விடுதியில் விடுவது 2021 செப்டம்பரில் இருந்து தடை. அவனுக்கு 14, ஆகவே ஒன்று ஃபொஸ்டர் வீடு, இல்லையென்றால் பதிவு செய்த சிறுவர் இல்லம். இதனால்தான் வயது முக்கியம். "16 என்று சொல்லு", "18 என்று சொல்லு" என்று யாராவது புத்தி சொன்னால் காதில் விழாத மாதிரி இருங்கள்.

தூர ஊர் விஷயம்: ஒரு கவுன்சிலில் இப்படித் தனியாக வந்த பிள்ளைகள், அங்கே இருக்கும் மொத்தப் பிள்ளைகளில் 0.1 வீதத்தைத் தாண்டினால் புதிதாக வருகிறவனை வேறு கவுன்சிலுக்கு அனுப்பக் கேட்கலாம். 2021 கடைசியில் இருந்து மற்றக் கவுன்சில்கள் முடியாது என்று தட்டிக்கழிக்கவும் இயலாது. ஆனால் அனுப்பும் முன் பிள்ளையின் நலனைப் பார்க்க வேண்டும், உறவு இருக்கிற இடம் அதில் பெரிய விஷயம். இதை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கும் தாய்க்கும் என்ன முறை, எத்தனை வருடப் பழக்கம், 2016இல் எடுத்த படம், எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில். ஃபொஸ்டர் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது, எழுதாத எதுவும் நடக்கவில்லை. இன்றையிலிருந்தே ஒரு கொப்பி போடுங்கள்: எப்போது சாப்பிட்டான், எப்போது அழுதான், போன் எப்போது வந்தது.

பிறப்பத்தாட்சிப் பத்திரம், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை இவற்றின் மூலத்தை ஊரிலிருந்து எடுப்பியுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் இரண்டு சோசல் வேர்க்கர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், முகத்தையும் மீசையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று 2003இல் இருந்து கோர்ட் விதி இருக்கிறது, கடதாசி இருந்தால் அந்தத் தலைவலி குறையும். ஆனால் எந்தக் காரணம் கொண்டும் இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் பத்திரம் கேட்காதீர்கள். அகதி கேட்கிற பிள்ளை தன் நாட்டு அரசாங்கத்திடமே போய் நிற்பது வழக்கைக் கெடுக்கும், தாய்க்கும் அங்கே ஆபத்தாகலாம்.

லோயரை ஹோம் ஒபீஸுக்கு முன்னால் பிடியுங்கள். பிள்ளைக்கு லீகல் எய்ட் (அரசாங்கச் செலவில் சட்ட உதவி) உண்டு, காசு கேட்கிற "அண்ணாக்களிடம்" போக வேண்டாம், ஒரே கதையை ஊர் பெயர் மட்டும் மாற்றி எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். பெரிய நேர்காணலில் லோயரும், ஹோம் ஒபீஸோடு சம்பந்தமில்லாத பொறுப்பான ஒரு பெரியவரும் கூட இருக்க வேண்டும். ரெஃப்யூஜி கவுன்சில் என்ற அகதிகளுக்கான தொண்டு நிறுவனத்தில் தனியாக வந்த பிள்ளைகளுக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

அக்காவுக்கும் ஒன்றைச் சொல்லுங்கள், இப்போதே சொல்லுங்கள், பிறகு பெரிய மனத்தாங்கல் வரும். இவனுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தாலும் பிள்ளை தாயை இங்கே கூப்பிட இந்த நாட்டு விதியில் இடம் இல்லை. "மூத்தவனை அனுப்பினால் பின்னால் நாங்கள் போகலாம்" என்று ஏஜென்சிகள் ஊரில் சொல்லி விற்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பெடியன் தலையில் வைத்தால் அவன் படிக்கவும் மாட்டான், தூங்கவும் மாட்டான்.

வடலி எழுதியது (12 நாள் கழித்து):

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கணவருக்கு அன்றிரவே கடை விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கதைக்கவில்லை, எழுந்து போய்ப் பெடியனுக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்தார், கனநேரம். காலையில் அவரே கவுன்சிலுக்கு எடுத்தார். 25ஆம் நாள். ஏன் பிந்தியது என்று கேட்டார்கள், பயத்தில் என்று சொன்னார், அதை எழுதிக்கொண்டார்கள், கத்தவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அவனைத் தனியாக வைத்துத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரோடு கதைத்தார்கள். அங்கே ஒரு கூத்து. மொழிபெயர்த்தவர் இந்தியத் தமிழ் போல. இவன் "வீட்டால வெளிக்கிட்டு நாலு மாசம்" என்று சொன்னதை அவர், நாலு மாதம் வீட்டுக்கு வெளியே தெருவில் படுத்தான் என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். சோசல் வேர்க்கர் முகம் மாறி வெளியே வந்து எங்களைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இனி இலங்கைத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். கும்பகோணத்துத் தம்பி குறை நினைக்க வேண்டாம்.

ஏஜென்சி ஆளின் நம்பரைப் பெடியனே எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. வந்தால் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதைக்கு எங்களோடுதான் இருக்கிறான், தற்காலிக அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. முதல் மீளாய்வுக் கூட்டம் அடுத்த மாதம். ஹோலில் படுக்கக் கூடாது என்று சொன்னதால் மகளின் அறையைக் கொடுத்தோம், மகள் வந்தால் என்னோடு படுப்பாள். கட்டில் வாங்கி வந்து கணவரும் அவனும் பூட்டினார்கள். மூன்று ஆணி மிச்சம் வந்தது, எங்கே விட்டோம் என்று இரண்டு பேரும் இன்னும் தேடுகிறார்கள். லைட் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்காவிடம் தாழம்பூ அக்கா சொன்னதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டா. இரண்டு நாள் கழித்து எடுத்து, அவனுக்குப் பல்லுக்கொதி இருந்தது, இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டா. இருக்கிறது. எங்களிடம் அவன் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை டெண்டிஸ்டிடம் போகிறோம்.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் மூலம் இன்னும் வரவில்லை, அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மங்கலாக இருக்கிறது, பதிவு இலக்கம் விளங்கவில்லை. கிளிநொச்சியில் இருந்து லண்டனுக்குப் பத்திரம் அனுப்பிய அனுபவம் யாருக்காவது இருந்தால், பதிவுத் தபாலா கூரியரா, எத்தனை நாள் எடுத்தது என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை லோயரைப் பார்க்க வேண்டும்.

பழைய பெடியன் எழுதியது:

கூரியர். தபாலை நம்பாதீர்கள். அனுப்ப முதல் அக்காவை இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், லோயருக்கு வியாழக்கிழமை அது போதும்.